இடம் சொல்லாமல் விடுவது: அமெரிக்கப் பள்ளி ஆசிரியர்களின் வரலாற்றுக் களப் பயிலரங்குகள்

கோடை விடுமுறையில் ஒரு வாரத்தைப் பழைய பஞ்சாலை ஒன்றிலோ, மீட்டுக் கட்டப்பட்ட குடியேற்றக் காலத் தலைநகரிலோ, கொலை வழக்கு ஒன்று நடந்த சிற்றூர் நீதிமன்றத்திலோ கழித்து, அவ்விடத்தின் வரலாற்றை ஆய்வறிஞர்களிடம் நேரில் பாடம் கேட்டுத் திரும்பும் வழக்கம் அமெரிக்கப் பள்ளி ஆசிரியர்களிடையே 1990-களிலிருந்து வேரூன்றியது. களப் பயிலரங்கு எனத்தக்க இந்த ஏற்பாடு சுற்றுலாவும் அன்று. வழக்கமான பணியிடைப் பயிற்சியும் அன்று. அந்தந்தப் பொருளில் நூல் எழுதிய அறிஞர் ஒருவர் உரையாற்றுவார். உரை எந்த இடத்தைப் பற்றியதோ அந்த இடத்துக்கே ஆசிரியர்கள் பின்னர் அழைத்துச் செல்லப்படுவார்கள். கூலிப் பதிவேடு, கடிதம், வழக்கு விசாரணைப் படி போன்ற மூல ஆவணங்களை, அதாவது நிகழ்ச்சி நடந்த காலத்திலேயே எழுதப்பட்டு எஞ்சியுள்ள சான்றுகளை, கையில் வைத்துக்கொண்டு தாம் கண்டதோடு ஒப்பிடுவார்கள். வார முடிவுக்குள் ஒவ்வொருவரும் தம் வகுப்புக்கு ஏற்ற பாடம் ஒன்றை வகுத்தாக வேண்டும்.

இத்தகைய முயற்சிக்கு அரசுப் பணம் வந்து சேர்ந்த வழி கவனத்துக்குரியது. அமெரிக்காவில் பள்ளிப் பாடத்திட்டம் கூட்டாட்சி அரசின் கையில் இல்லை. மாநிலங்களும், அவற்றின் கீழ் ஊர்தோறும் பள்ளிகளை நிர்வகிக்கும் மாவட்ட வாரியங்களுமே அதை முடிவு செய்கின்றன. நாடு முழுவதற்கும் பொதுவாக எந்த வரலாற்றைக் கற்பிக்கலாம் என்பதற்கு ஒரு வழிகாட்டி தயாரிக்கப்பட்டபோது அது பெரும் பூசலாக வெடித்து, 1995 ஜனவரியில் செனட் சபை அதைக் கண்டித்து 99-க்கு 1 என்ற வாக்கு வேறுபாட்டில் தீர்மானம் நிறைவேற்றியது. பாடநூலைத் தொட்டால் கை சுடும் என்று அரசியல்வாதிகள் அப்போது நன்றாகவே புரிந்துகொண்டார்கள். ஆனால் வரலாற்றுச் சின்னங்கள் பல கூட்டாட்சி அரசுக்கே சொந்தமானவை. 1916-இல் தோன்றிய தேசியப் பூங்காத் துறையிடம் அவற்றைக் காப்பதோடு மக்களுக்கு விளக்கிச் சொல்லும் பொறுப்பும் 1935-ஆம் ஆண்டின் வரலாற்று இடங்கள் சட்டத்தால் ஒப்படைக்கப்பட்டிருந்தது. ஆகவே என்ன கற்பிக்க வேண்டும் என்று கட்டளையிடாமல், கற்பிப்பவரை இடத்துக்கு அழைத்துச் செல்வது என்ற வழி எல்லாக் கட்சிகளுக்கும் ஆபத்தற்றதாகத் தோன்றியது. அது அவ்வளவு ஆபத்தற்றதாக இருக்கவில்லை என்பது பின்னரே தெரிந்தது.

தேசியப் பூங்காத் துறை 1991-இல் வரலாற்றுச் சின்னங்களை மையமாக வைத்து ஆயத்தப் பாடங்களை வெளியிடத் தொடங்கியது. அதற்கு ஓராண்டு முன்பே வர்ஜீனியாவின் கலோனியல் வில்லியம்ஸ்பர்க் ஆசிரியர்களுக்கான கோடைப் பள்ளியை நிறுவியிருந்தது. 2001-இல் மேற்கு வர்ஜீனியாவின் செனட்டர் ராபர்ட் பேர்ட் முன்னெடுத்த மானியத் திட்டம் முதல் ஆண்டிலேயே 5 கோடி டாலரை வரலாற்று ஆசிரியர் பயிற்சிக்கு ஒதுக்கி, பத்தாண்டுக்குள் 90 கோடி டாலருக்கு மேல் செலவிட்டுவிட்டு நின்றுபோயிற்று. அத்தொகையால் ஆசிரியர்கள் எவ்வளவு கற்றார்கள் என்பதை நம்பத்தகுந்த முறையில் அளக்க யாராலும் இயலவில்லை. இவற்றுள் இடத்தையே பாடமாகக் கொண்டது, மொழி, வரலாறு, மெய்யியல் முதலிய துறைகளுக்கு நிதி நல்குவதற்காக 1965-இல் அமைக்கப்பட்ட நேஷனல் எண்டோமென்ட் ஃபார் த ஹியூமானிட்டீஸ் என்னும் கூட்டாட்சி நிறுவனம் 2004-இல் தொடங்கிய 'லேண்ட்மார்க்ஸ்' திட்டமாகும். ஓரிடத்தில் ஒரு கோடையில் இரண்டு அமர்வுகள், அமர்வுக்கு 36 முதல் 40 ஆசிரியர்கள், பயண, தங்கல் செலவுக்கு 2010-களில் ஆளுக்கு 1,200 டாலர் அளவில் உதவித்தொகை என்ற சிறிய அளவிலேயே அது இயங்கியது. பேர்ட் திட்டத்தின் பெருந்தொகைக்கு முன் இது ஒன்றுமே இல்லை. ஆயினும் கற்பித்தல் முறையில் ஆழமாகச் சென்றது இதுவே எனலாம்.

அந்த ஆழத்தை விளங்கிக்கொள்ள, கல்வி உளவியலாளர் சாம் வைன்பர்க் 1991-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றைக் குறிப்பிட வேண்டும். அமெரிக்கப் புரட்சியின் முதல் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்த லெக்சிங்டன் திடல் பற்றிய ஆவணங்களை எட்டு வரலாற்றாய்வாளர்களிடமும் எட்டு உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடமும் கொடுத்து, படிக்கும்போது மனத்தில் தோன்றுவதை வாய்விட்டுச் சொல்லச் செய்தார். வேறு துறைகளில் தேர்ந்த சில ஆய்வாளர்களுக்குப் புரட்சி பற்றிய தகவல்கள் மாணவர்களைவிடக் குறைவாகவே தெரிந்திருந்தன. ஆனாலும் எழுதியவர் யார், எப்போது, யாருக்காக எழுதினார் என்ற வினாக்களோடு அவர்கள் ஆவணத்தை அணுகினார்கள். மாணவர்களோ பாடநூல் பத்தியை எப்படி நம்புவார்களோ அப்படியே எல்லாவற்றையும் நம்பினார்கள். தகவல் மிகுதியால் மட்டும் வரலாற்றறிவு வந்துவிடாது என்ற இந்த முடிவு வரலாற்றிடத்துக்கும் அப்படியே பொருந்தும். கட்டடமும் ஓர் ஆவணமே. அதையும் யாரோ, எதற்காகவோ கட்டியும் இடித்தும் புதுப்பித்தும் வைத்திருக்கிறார்கள். நல்ல பயிலரங்கின் வேலை இடத்தைப் பார்த்து வியக்கச் செய்வதன்று, இடத்தைக் குறுக்கு விசாரணை செய்யப் பழக்குவது.

மாசசூசெட்ஸ் மாநிலத்தின் லோவல் நகரம் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. பிரான்சிஸ் கேபட் லோவல் என்னும் பாஸ்டன் வணிகர் 1810 முதல் 1812 வரை பிரிட்டனில் தங்கி, வெளிநாட்டவர் படியெடுக்கத் தடைவிதிக்கப்பட்டிருந்த விசைத்தறியின் அமைப்பை மனத்திலேயே பதித்துக்கொண்டு திரும்பி, பால் மூடி என்ற கைவினைஞரின் துணையோடு அதைச் செய்து, 1814-இல் வால்தம் என்னும் ஊரில் பஞ்சு உள்ளே சென்றால் துணியாக வெளிவரும்படி நூற்பையும் நெசவையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்தார். அவர் 1817-இல் இறந்த பிறகு, அவருடைய கூட்டாளிகள் மெரிமாக் ஆறு 32 அடி கீழிறங்கும் பாடக்கெட் அருவியின் அருகே நிலம் வாங்கி, 1823-இல் முதல் ஆலையை ஓட்டி, 1826-இல் உருவான நகரத்துக்கு அவர் பெயரையே இட்டார்கள். அருவியின் நீர் சுமார் 9 கிலோமீட்டர் நீளமுள்ள கால்வாய்களால் பிரித்து விடப்பட்டு ஆலைதோறும் சக்கரங்களைச் சுழற்றியது. தொடக்கத்தில் 2,500 பேர் வாழ்ந்த ஊரில் 1850-க்குள் 33,000 பேர் பெருகினார்கள்.

இந்நகரின் ஆலைகள் 20-ஆம் நூற்றாண்டில் ஒவ்வொன்றாக மூடப்பட்டு, கால்வாய்களைத் தூர்த்துவிடலாம் என்ற பேச்சு எழுந்த நிலையில், பேட்ரிக் மோகன் என்ற உள்ளூர்க் கல்வியாளர் நகரம் முழுவதையுமே பிள்ளைகளுக்கான பள்ளியாகக் கொள்ளலாம் என்று வாதிட்டு வந்தார். தம் ஊரைப் பற்றிய வெட்கத்தோடு வளரும் பிள்ளை எதையும் கற்காது என்பது அவருடைய எண்ணம். 1978-இல் லோவல் தேசிய வரலாற்றுப் பூங்காவாக அறிவிக்கப்பட்டதற்கு அந்த வாதமே வித்து. பூங்காவும் பல்கலைக்கழகமும் சேர்ந்து 1987-இல் தோற்றுவித்த சாங்காஸ் தொழில் வரலாற்று மையம் பின்னர் லேண்ட்மார்க்ஸ் பயிலரங்குகளை நடத்தும் இடங்களுள் ஒன்றாயிற்று.

அங்கு வரும் ஆசிரியர்கள் முதலில் எதிர்கொள்வது ஓசை. 1835-இல் தொடங்கப்பட்ட பூட் ஆலையின் கீழ்த்தளத்தில் 88 விசைத்தறிகள் வரிசையாக நிறுத்தப்பட்டு, அவற்றுள் சில ஓட்டிக் காட்டப்படுகின்றன. நுழையும்போதே காதில் அடைத்துக்கொள்ளப் பஞ்சடைப்பான் தருவார்கள். பாவு நூல்களுக்கிடையே நாடா பாய்ந்து அடிக்கும் அடி தரைப்பலகை வழியே உள்ளங்காலில் ஏறும். பக்கத்தில் நிற்பவரிடம் பேச வேண்டுமானால் காதருகே கத்த வேண்டும். ஊடை நூல் அறும்போதும் தார் மாற்றும்போதும் நெசவுப் பெண் நாடாவின் துளையில் உதட்டை வைத்து நூல் முனையை உறிஞ்சி வெளியே இழுப்பாள். ஒரே நாடாவில் பல வாய்கள் பட்டதால் காசநோய் பரவும் என்ற அச்சத்தில் அச்செயலுக்குச் சாவு முத்தம் என்ற பெயரே ஏற்பட்டது. கோயம்புத்தூர்ப் பஞ்சாலைத் தெருக்கள் சங்குக்குக் கட்டுப்பட்டது போல லோவல் மணிக்குக் கட்டுப்பட்டிருந்தது. நியூ இங்கிலாந்தின் பண்ணை வீடுகளிலிருந்து வந்து, நிர்வாகம் அமர்த்திய விடுதிக் காப்பாளரின் கண்காணிப்பில் ஓர் அறையில் நால்வர் அறுவராகத் தங்கிய இளம் பெண்கள், மணி அடித்தால் எழுந்து, மணி அடித்தால் உண்டு, வாரத்துக்கு ஏறத்தாழ 73 மணி நேரம் உழைத்தார்கள். அவ்விடுதிகளுள் ஒன்றின் சமையலறையும் உணவறையும் படுக்கையறையும் அக்காலத் தோற்றத்தில் அமைத்துக் காட்டப்படுகின்றன.

இவ்வளவையும் கண்டவர் 1840-ஐயே கண்டுவிட்டதாக எண்ணுவது இயல்பு. அந்த எண்ணத்தைக் கலைப்பதில்தான் பாடம் தொடங்குகிறது. ஓட்டிக் காட்டப்படும் தறிகள் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டிரேப்பர் நிறுவனம் செய்தவை. பண்ணைப் பெண்களின் காலத்துக்கு இரண்டு மூன்று தலைமுறை பிற்பட்டவை. அவற்றில் நெய்தவர்கள் அயர்லாந்திலிருந்தும் பிரெஞ்சுக் கனடாவிலிருந்தும் போலந்திலிருந்தும் கிரேக்கத்திலிருந்தும் வந்து குடியேறியவர்கள். ஆகவே காதில் விழுவது ஒரு காலத்தின் ஓசை, மனத்தில் ஓடுவது வேறொரு காலத்தின் கதை. அதே போல, விடுதியின் துப்புரவான மேசையும் வெண்ணிறக் கோப்பைகளும் நிறைவான வாழ்க்கையைக் காட்டுகையில், ஆவணங்கள் வேறு செய்தி தருகின்றன. கூலிக் குறைப்பை எதிர்த்து 1834 பிப்ரவரியில் சுமார் 800 பெண்கள் வேலையை நிறுத்தி ஊர்வலம் சென்றார்கள். விடுதிக் கட்டண உயர்வை எதிர்த்து 1836-இல் அதைவிடப் பெருந்திரளாக வெளியேறினார்கள். சாரா பேக்லி தலைமையேற்ற பெண் தொழிலாளர் சீர்திருத்தச் சங்கம் பத்து மணி நேர வேலை நாள் கேட்டு மாநிலச் சட்டமன்றத்துக்கு மனு மேல் மனு அனுப்ப, 1845-இல் விசாரணை நடத்திய சட்டமன்றக் குழு அது தன் அதிகாரத்துக்கு உட்பட்டதன்று என்று கைகழுவியது. ஆலைப் பெண்களே எழுதிய 'லோவல் ஆஃபரிங்' இதழ் 1840 முதல் 1845 வரை வெளிவந்து அட்லாண்டிக்குக்கு அப்பாலும் புகழ் பெற்றது. 1842-இல் வந்து பார்த்த சார்லஸ் டிக்கன்ஸும் வியந்து எழுதினார். ஆனால் அவ்விதழ் வேலைநேரக் குறைகளைப் பேசத் தயங்கியது என்று சாடியவர்களுள் பேக்லியும் ஒருவர். இதழையும் மனுவையும் அடுத்தடுத்து வைத்துப் படிக்கும் ஆசிரியருக்கு, ஒரே கூடத்தில் ஒரே ஆண்டில் வேலை செய்த இரு பெண்கள் ஏன் இரு வேறு உலகங்களை எழுதினார்கள் என்ற வினா பிறக்கிறது. வகுப்புக்கு எடுத்துச் செல்லத் தக்க வினா அதுதான்.

லோவலில் பார்க்கவே முடியாதது பஞ்சு விளைந்த நிலம். கால்வாய், சக்கரம், தறி, விடுதி அனைத்தும் கண்முன் இருக்க, மூலப்பொருளைப் பயிரிட்டுக் கொய்த தென் மாநிலங்களின் அடிமைகள் ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தார்கள். நகரத்தின் செங்கல் எதிலும் அவர்களுடைய கைத்தடம் இல்லை. இன்னும் ஒரு சுற்று சுற்றி வந்தால், லோவல் ஆலைகள் அடிமைகளுக்கு உடுத்தத் தருவதற்கென்றே முரட்டுத் துணி நெய்து தோட்ட முதலாளிகளுக்கு விற்றன என்பதும் தெரிய வரும். 1930-களில் அரசு எழுத்தர்கள் முன்னாள் அடிமைகளின் நினைவுகளைக் கேட்டுப் பதிவு செய்தபோது, சிறு வயதில் தாம் உடுத்த துணியை அவர்களுள் சிலர் 'லோவல்' என்றே குறிப்பிட்டார்கள். ஊரின் பெயரே துணியின் பெயராகித் தெற்கே வழங்கியது. சாட்டை பிடித்த பிரபுக்களும் தறி பிடித்த பிரபுக்களும் கூட்டுச் சேர்ந்துவிட்டார்கள் என்று அரசியல்வாதி சார்லஸ் சம்னர் 1848-இலேயே சாடியிருந்தும், ஆலை வரலாறு நெடுங்காலம் பொறியியல் வெற்றியாகவே கற்பிக்கப்பட்டு வந்தது.

இந்திய வாசகருக்கு இங்கே இன்னொரு மறைவும் உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை பாஸ்டனிலும் சேலத்திலும் (இது மாசசூசெட்ஸ் சேலம்) கரையிறங்கிய முரட்டுப் பருத்தித் துணியில் பெரும்பகுதி வங்கத்திலும் குஜராத்திலும் கைத்தறியில் நெய்யப்பட்டது. 1816-இல் இயற்றப்பட்ட சுங்கச் சட்டம் எவ்வளவு மலிவான பருத்தித் துணியையும் சதுர கெஜம் 25 சென்ட் மதிப்புடையதாகவே கொண்டு அதில் நூற்றுக்கு 25 வரி விதித்தது. 9 சென்ட் விலையுள்ள இந்தியத் துணிக்கு 6¼ சென்ட் வரி என்றால் அது கடையில் விலைபோகாது. அந்த விதிக்காக வாஷிங்டன் சென்று உறுப்பினர்களிடம் வாதாடியவர் பிரான்சிஸ் லோவலேதான். அதன் பிறகு சரக்கு எதிர்த்திசையில் ஓடியது: மாசசூசெட்ஸ் குளங்களில் அறுத்த பனிக்கட்டி கப்பலேறிச் சென்னைக்கு வந்து, அதை வைப்பதற்கென்று 1842-இல் எழுந்த கட்டடம் ஐஸ் ஹவுஸ் என மக்கள் வழக்கில் அறியப்பட்டு இன்றும் கடற்கரைச் சாலையில் நிற்கிறது.

வில்லியம்ஸ்பர்க்கின் மறைவு வேறு வகையானது. அங்கே இடமே திருத்தி எழுதப்பட்டது. 1699 முதல் 1780 வரை வர்ஜீனியாவின் தலைநகராக இருந்த அவ்வூரை, ஜான் டி. ராக்ஃபெல்லர் இளையவரின் செல்வத்தைக் கொண்டு 1926 முதல் 18-ஆம் நூற்றாண்டுத் தோற்றத்துக்கு மீட்டார்கள். பிற்காலக் கட்டடங்கள் நூற்றுக்கணக்கில் அகற்றப்பட்டன. அந்நூற்றாண்டில் ஊரின் மக்களில் பாதிப்பேர் கறுப்பினத்தவர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் அடிமைகள். ஆயினும் அவர்களுடைய வாழ்க்கை திட்டமிட்ட முறையில் காட்டப்படத் தொடங்கியது 1979-இல்தான். ஊரின் பிரே பள்ளி, அடிமைகளாகவும் விடுபட்டவர்களாகவும் இருந்த கறுப்பினப் பிள்ளைகளுக்கு ஆன் வேஜர் என்ற ஆசிரியை 1760 முதல் 1774 வரை எழுத்தும் மதமும் கற்பித்த இடம். அந்தக் கட்டடம் பிற்காலச் சுவர்களுக்குள் புதைந்து, கல்லூரி வளாகத்தில் சாதாரண வீடாக நின்றுகொண்டிருந்தது. அதன் மரச்சட்டங்களின் ஆண்டு வளையங்களை எண்ணிப் பார்த்து, அம்மரங்கள் 1759-60 குளிர்காலத்தில் வெட்டப்பட்டவை என்று 2020-இல் உறுதி செய்த பின்னரே அதன் அடையாளம் தெரிந்து, 2023-இல் அது வண்டியேற்றி வரலாற்றுப் பகுதிக்குக் கொண்டுவரப்பட்டது. எஜமானருக்கு அடங்கி நடக்க வேண்டும் என்று கற்பிப்பதற்காகவே நிறுவப்பட்ட பள்ளி அது. எழுத்தறிந்த பிள்ளை அந்த ஒன்றை மட்டும் கற்று நின்றுவிடாது என்பது நிறுவியவர்களுக்குத் தெரியாமற் போயிற்று.

மிசிசிப்பியின் டெல்டா ஸ்டேட் பல்கலைக்கழகம் 2009 முதல் நடத்திய பயிலரங்கில் இந்தக் குறுக்கு விசாரணை உச்சத்தை எட்டியது. சிகாகோவிலிருந்து உறவினர் வீட்டுக்கு வந்திருந்த எம்மெட் டில் என்ற 14 வயதுக் கறுப்பினச் சிறுவன், மணி என்னும் சிற்றூரின் மளிகைக் கடையில் வெள்ளையினப் பெண்ணிடம் முறைதவறி நடந்துகொண்டான் என்ற குற்றச்சாட்டின் பேரில் 1955 ஆகஸ்ட் 28-ஆம் நாள் கடத்திக் கொல்லப்பட்டு டல்லஹாச்சி ஆற்றில் வீசப்பட்டான். சம்னர் என்னும் ஊரின் நீதிமன்றத்தில் வெள்ளை ஆண்கள் மட்டுமே அமர்ந்த நடுவர் குழு ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் கலந்துபேசி குற்றம் சாட்டப்பட்ட இருவரையும் விடுவித்தது. ஐந்து மாதம் கழியுமுன் அவ்விருவரும் 'லுக்' இதழிடம் பணம் பெற்றுக்கொண்டு கொலையை ஒப்புக்கொண்டார்கள். ஒரே குற்றத்துக்கு இருமுறை விசாரிக்கலாகாது என்ற சட்டவிதி அவர்களைக் காத்தது.

பயிலரங்குக்கு வந்த ஆசிரியர்கள் 1955-ஆம் ஆண்டுத் தோற்றத்துக்கு மீட்கப்பட்ட அதே நீதிமன்றக் கூடத்தில் அமர்ந்தார்கள்; கொடிபடர்ந்து சரிந்து கிடக்கும் மளிகைக் கடையின் செங்கல் சுவரைச் சாலையோரம் நின்று பார்த்தார்கள். ஆனால் கொலை நடந்த இடம் எது என்பதே இங்குச் சிக்கல். சன்ஃப்ளவர் மாவட்டத்தில் ட்ரூ என்னும் ஊரருகே ஒரு பண்ணைக் கொட்டகையிலிருந்து அடி விழும் ஓசையும் அலறலும் கேட்டதாக வில்லி ரீட் என்ற 18 வயது இளைஞர் நீதிமன்றத்தில் உயிரைப் பணயம் வைத்துச் சாட்சி சொன்னார். 'லுக்' இதழில் வந்த ஒப்புதலோ வேறு மாவட்டத்தில் வேறு கொட்டகையைக் காட்டியது. ரீட் கண்ட கொட்டகையை ஒப்புக்கொண்டால் உடன் இருந்த மற்றவர்களும் சிக்குவார்கள். கூலி பெற்றுச் சொன்ன கதை அச்சில் நிலைத்து, சாட்சி சொன்ன இடம் வரைபடத்திலிருந்தே நழுவியது. விசாரணைப் படி பல பத்தாண்டுகள் காணாமற் போய், எஃப்.பி.ஐ. மறுவிசாரணையின்போதுதான் மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தது. பொய்யான ஆவணம் ஓர் இடத்தை அழிக்கும், மெய்யான ஆவணம் அதைத் திருப்பித் தரும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் வேறு இருப்பது அரிது.

2007-இல் சம்னர் நீதிமன்றம் அமைந்த மாவட்டத்தார் அந்நீதிமன்ற வாயிலில் டில் குடும்பத்தாரிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார்கள். சிறுவனின் உடல் கரையேற்றப்பட்டதாகக் கருதப்படும் கிரேபால் கரையில் அடுத்த ஆண்டு நட்ட பலகை பெயர்த்தெறியப்பட்டது. பின்னர் நட்டவை துப்பாக்கியால் சல்லடையாகத் துளைக்கப்பட்டன. நான்காவதாக 2019-இல் நிறுத்தப்பட்ட பலகை 500 பவுண்டு எடையுள்ளது, குண்டு துளைக்காதது. 2023 ஜூலையில் அக்கரையும் சம்னர் நீதிமன்றமும் சிகாகோவில் இறுதிச் சடங்கு நடந்த தேவாலயமும் தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டன.

இந்த வகைப் பாடம் எல்லோருக்கும் உவப்பாக இருந்ததில்லை. அமெரிக்கர்களை இழிவுபடுத்தும் வாசகங்கள் கூட்டாட்சி நிலங்களில் இடம்பெறலாகாது என்று பூங்காப் பலகைகளை மறுபார்வையிடும்படி பணிக்கும் குடியரசுத் தலைவரின் ஆணை 2025 மார்ச் 27-ஆம் நாள் வெளியாயிற்று. அடுத்த சில நாள்களில், ஏப்ரல் தொடக்கத்தில், முன்பே ஒப்புதல் பெற்றிருந்த ஆயிரத்துக்கு மேற்பட்ட மானியங்களை நேஷனல் எண்டோமென்ட் ஃபார் த ஹியூமானிட்டீஸ் ஒரே அடியாக ரத்து செய்தது. ரத்தானவற்றுள் அவ்வாண்டுக் கோடையில் நடக்கவிருந்த ஆசிரியர் பயிலரங்குகளும் இருந்தன.